ஆவுடையப்பன் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி

சொன்னதைச் சொன்னபடி செய்ய ஆளில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அம்பாசமுத்திரத்து ஆவுடையப்பன் சகோதரர்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பெரியவர் ஆவுடையப்பன் மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். "இன்னொரு தடவை விழுந்தா என்னால ஒண்ணும் செய்யமுடியாது. மாடிக்குப் போறதா இருந்தா கைப்பிடியை விடவே கூடாது" என்றார் டாக்டர். படியிலோ கைப்பிடியே கிடையாது. தம்பிகள் பிச்சாண்டிக்கும் தில்லைக்கும் அண்ணன் என்றால் உயிர். பயந்தே போனார்கள்.

அன்றே கார் ஷெட் பட்டறையானது. மரக்கடைக்காரர், "பிடிக்கிறவர் கைக்கு அடக்கமா இருக்கணும்" என்று சொல்லித் தேக்கு கொடுத்தார். கையோ ஆஸ்பத்திரியில். எனவே கொஞ்சம் இழைப்பது, முழு மரத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடுவது, அண்ணன் பிடித்துப் பார்த்து "இன்னும் ஒரு சீவு" என்றதும் திரும்பி ஓடிவருவது. வழியில் ஒரு இளநீர்ப் பந்தல் சரிந்தது.

"ஒரு துண்டைக் கொண்டுவந்து பார்த்தா போதாதா?" என்றார் நர்ஸ்.

"முழுசையும்லா அண்ணன் பிடிக்கப்போறாரு!" என்றான் பிச்சாண்டி.

வீடு திரும்பிய ஆவுடையப்பன் புதுக் கைப்பிடியைப் பிடித்து ஜம்மென்று ஏறினார். தம்பிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்படியில் கைப்பிடி முடிந்தது. கட்டிலோ அறைக் கோடியில் இருந்தது.

"விடுங்கண்ணே."

"விடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

தில்லை யோசித்தான். "கட்டிலைப் படிக்கு இழுத்துருவமா?"

"உருண்டுராதா? பொறவு கட்டிலுக்கு ஒரு கைப்பிடி செய்யணும்ல!" என்றான் பிச்சாண்டி.

கடைசியில் அவனே ரம்பத்தை எடுத்துவந்தான். அண்ணன் பிடித்திருந்த இடத்துக்கு இருபுறமும் அறுத்தான். அவர் அந்த மரத்துண்டோடு போய்ப் படுத்தார்.

காலையில் அதே துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, சுவரைத் தொடாமல் இறங்கிவந்தார். விழவில்லை.

"பாத்தியா, டாக்டர் வாக்கு பலிச்சிட்டு!" என்றான் தில்லை. "மிச்சம் எதுக்குச் சும்மா சுவத்துல தொங்குது? வாறவங்களும் விழாம ஏறணும்லா?"

மிச்சமும் துண்டு துண்டாகிக் கூடைக்குப் போனது. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றியதும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்கள்.

ஒருநாள் டாக்டரே பெரியவரைப் பார்க்க வந்தார். "கைப்பிடி எங்கய்யா?" என்று பதறினார். தில்லை பவ்வியமாக ஒரு துண்டை நீட்டினான். பிறகு அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உங்க கைக்கு இது பெரிசு, டாக்டர். செத்த நில்லுங்க, ஒரு சீவு சீவிட்டு வந்துருதேன்."