சித்திரையை நீக்கிய ஆப்

அம்பத்தூரில் ஒரு மாடியறையில் மூன்று பேர் மென்பொருள் செய்து பிழைத்தார்கள். மூளை இல்லாதவர்கள் என்று சொன்னால் பாவம். இருந்தது, தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

டீம் லீடர் கோமதிநாயகம். புரோகிராம் எழுதுபவர் ஜெரால்டு. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்து சொல்லும் பிசினஸ் அனலிஸ்ட், தெய்வசிகாமணி.

இவர்களுக்கு ‘அஜைல்’ என்று மென்பொருள் செய்யும் புது முறையைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். "வாடிக்கையாளர் முதல்ல சொல்றதை நம்பாதீங்க. அஞ்சு தடவை ‘ஏன்’னு கேளுங்க. அஞ்சாவது பதில்தான் உண்மையான தேவை" என்றார். டீ குடித்தார். போய்விட்டார்.

மறுநாளே மெஸ் நடத்தும் தையல்நாயகி வந்தார். சித்திரை இரண்டாம் தேதியிலிருந்து பக்கத்து ஃபேக்டரிக்கு மதியச் சாப்பாடு அவர் பொறுப்பு. முதல் நாள் சோறு பத்தாவிட்டால் ஆர்டர் எதிர்மெஸ்ஸுக்குப் போய்விடும்.

"எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு காலையிலயே எனக்குத் தெரியணும் தம்பி."

"ஏன்?" என்றார் தெய்வசிகாமணி.

"அளவாப் பொங்கத்தான்."

"ஏன்?"

"மிஞ்சக் கூடாதில்ல?"

"ஏன்?"

"சாயந்திரமே ஊசிப்போயிடும்பா."

"ஏன்?"

"அடிக்கப்போற வெயில் அப்படி!"

"ஏன்?"

"யோவ், சித்திரை மாசம்யா! பனியா பெய்யும்?"

தெய்வசிகாமணி நோட்டை மூடினார். தேவை கிடைத்துவிட்டது.

"அந்தம்மாவுக்குச் சித்திரைதான் பிரச்சினை. எடுத்துடணும்" என்று அலுவலகத்தில் அறிவித்தார்.

கோமதிநாயகம் யோசித்தார். "முழு மாசத்தையுமா? பாதி விட்டுவைக்கலாமே?"

"பாதிச் சித்திரையிலயும் சோறு ஊசும் சார்."

ஜெரால்டுக்கு வேறு கவலை. "என் சம்சாரம் பிறந்தது சித்திரையில. அவ கதி?"

"இனிமே வயசே ஏறாது."

"அவ பத்து வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கா" என்று ஜெரால்டு நிம்மதியாக உட்கார்ந்து, சித்திரை இல்லாத காலண்டர் ஆப் ஒன்றை எழுதினார்.

முடிந்ததும் சோதனை செய்தார்கள். ஆப் போட்ட ஃபோனை ஒரு குண்டான் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சாயந்திரம் சோறு ஊசிப்போயிருந்தது. "தள்ளி வச்சா எப்படி வேலை செய்யும்?" என்று கோமதிநாயகம் கடிந்துகொண்டார். மறுநாள் ஃபோனைச் சோற்றுக்குள்ளேயே புதைத்தார்கள். இரண்டும் போயிற்று. "ஃபோன் பழசு" என்று சோதனை அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

பங்குனி கடைசி நாள் தையல்நாயகி வந்து ஆப்பைத் திறந்தார். பங்குனி முப்பது இருந்தது. அடுத்து வைகாசி ஒன்று.

"அடப் பாவிகளா! நாளன்னிக்கு ஃபேக்டரியில சாப்பிடக் காத்திருப்பாங்களேய்யா!"

"மாட்டாங்கம்மா" என்றார் தெய்வசிகாமணி கனிவாக. "நாளன்னிக்குன்னு ஒரு நாளே இல்ல."

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினார். சித்திரை இரண்டு காலை ஃபேக்டரி வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களை விரல் விட்டு எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. அளவாகப் பொங்கினார், ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ஆர்டர் நிலைத்தது.

மூவரையும் திட்டலாம் என்று தினம் மாடியேறினார். தினமும் பூட்டு. வைகாசி ஒன்றாம் தேதி கதவு திறந்திருந்தது.

"ஒரு மாசமா எங்கய்யா தொலைஞ்சீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிநாயகம்தான் பதில் சொன்னார்.

"நேத்து சாயந்திரம்தானேம்மா உங்களை அனுப்பி வச்சோம்? அதுக்குள்ள என்ன அவசரம்?"