நான்கு சக்கரம், இரண்டு கன்

வள்ளியூருக்குத் தெற்கே, நாகர்கோவில் போகிற சாலையோரம், தொபியாஸ் மேஸ்திரியின் கார் பட்டறை இருந்தது. மேஸ்திரிக்கு அப்போது வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் மாசானமுத்துவுக்கு அறுபத்திரண்டு.

மாசானமுத்து அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொபியாஸை ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வைத்தவரும் அவரே. ஓய்வுக்குப் பிறகு, சின்ன வயது ஆசை என்று சொல்லி, தொழில் கற்க அந்தத் தொபியாஸிடமே வந்து நின்றார். பதினாலு மாதம் கற்றார். அவர் தொபியாஸை மேஸ்திரி என்பார். தொபியாஸ் அவரை சார் என்பார். யாரிடம் யார் வேலை பார்க்கிறார் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும்.

பணகுடியில் மாசானமுத்துவின் சொந்தப் பட்டறை வெள்ளிக்கிழமை திறப்பதாக இருந்தது. பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. ஒரே ஒரு சாமான்தான் வாங்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் ஒரு நோட்டை விரித்தார்.

“மேஸ்திரி, ஒரு சந்தேகம். வீல் நட்டு கழட்டி மாட்ட ஏர் கன் வாங்கவா, பேட்டரி கன் வாங்கவா?”

“நீங்க என்ன நெனைக்கீங்க சார்?”

“ஏர் கன் கைக்கு லேசு. நாள் முழுக்க ஓட்டினாலும் சூடாகாது. ஆனா கம்ப்ரஸர் வேணும், அதுக்குக் கரண்டு வேணும், ஹோஸ் காலைச் சுத்தும். பேட்டரி கன் எங்க கூப்பிட்டாலும் கூட வரும். ஆனா கனம். சார்ஜ் தீந்துட்டா பேப்பர் பறக்காம வைக்கத்தான் ஆவும்.”

“எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கீங்க.”

“விடை வரலையே.”

“இங்க ரெண்டும் இருக்கு. ஒரே கார்ல ரெண்டு சக்கரத்தை இதால மாட்டுங்க, ரெண்டு சக்கரத்தை அதால மாட்டுங்க. ஓட விட்டுப் பாருங்க.”

“யார் கார்ல?”

“உங்களைத் திட்ட உரிமை உள்ளவங்க கார்ல.”

மாசானமுத்துவுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி சண்முகவடிவு களக்காட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. தினமும் தானே கார் ஓட்டிப் போய் வருகிறவர்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னபோது சண்முகவடிவு பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தாராளமா மாட்டுங்க. ஆனா என் காருக்கு ஒரு குறை வந்துச்சோ, வெள்ளிக்கிழமை ஷட்டர் ஏறாது. நீங்க பழையபடி டியூஷனுக்குப் போங்க.”

மாசானமுத்து ஓய்வு பெற்றதும் எட்டு மாதம் ஒரு டியூஷன் சென்டரில் இருந்தார். சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, காலி அறையில் ஒரு கேமராவைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்று கேட்கிற வேலை. கேமரா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு வியர்த்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சக்கரங்களை மாட்டினார். இடது பக்கம் இரண்டும் பேட்டரி கன். வலது பக்கம் இரண்டும் ஏர் கன். மனைவியின் கார் என்பதால் அக்கறை கூடிவிட்டது. நட்டு உட்கார்ந்த பிறகும் ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கு மேலும் ஒரு அழுத்து.

“மேஸ்திரி, போதுமா?”

“உங்களுக்குப் போதுமா சார்?”

மாசானமுத்து ஒரு கணம் யோசித்தார். பிறகு நான்கு சக்கரத்துக்கும் இன்னொரு சுற்று வந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவருடைய போன் அடித்தது.

“வாத்தியாரே, பின்னால இடது டயர் பஞ்சர். ஏர்வாடி தாண்டி வாய்க்கால் பாலத்துக்கிட்ட நிக்கேன்.”

“பஞ்சருக்கு நான் என்ன செய்ய முடியும் வடிவு?”

“ஆணி உங்க தப்பு இல்ல. நட்டு யார் தப்பு? ஸ்பானர் மேல ஏறி நின்னுட்டேன். எழுபத்தெட்டு கிலோ. அசையல. பள்ளிக்கூடச் சாவி என் பையில கெடக்கு. அம்பத்திரண்டு பிள்ளைங்க கேட்டுக்கு வெளிய நிக்குது.”

மாசானமுத்துவின் முகம் வாட வேண்டிய நேரம். மாறாக மலர்ந்தது. ஓடிப்போய்ப் பேட்டரி கன்னை எடுத்தார்.

“விடை கெடைச்சிட்டு மேஸ்திரி! நடு ரோட்டுக்கு ஏர் கன்னைக் கொண்டுபோக முடியுமா? பேட்டரி கன்தான்!”

மேஸ்திரி அதை அவர் கையிலிருந்து வாங்கி, மேசை மேல் வைத்தார்.

“வெறுங்கையோட வாங்க சார்.”

பைக்கில் போனார்கள். சண்முகவடிவு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். காரோடு வந்த சின்ன வீல் ஸ்பானர் அவர் மடியில் பிரம்பு மாதிரி இருந்தது. அங்கிருந்தே காரை ஒருமுறை பார்த்தார். வந்தவர்களையும் பார்த்தார்.

“ரெண்டு பேர் வந்திருக்கீங்க. ஒரு சுத்தியல்கூட கொண்டாரலையா தம்பி?”

“சார் கழட்டுவாரு டீச்சர்.”

மாசானமுத்து ஸ்பானரை மாட்டி இழுத்தார். காலால் மிதித்தார். ஏறி நின்றார். நின்ற இடத்திலேயே குதித்தார். செருப்பு கழன்று வாய்க்காலில் விழுந்தது. நட்டு மட்டும் கழலவில்லை. அந்த வழியாக வந்த மினிபஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, “என்ன சார், எக்சர்சைஸா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“புரிஞ்சிட்டு மேஸ்திரி,” என்றார் மாசானமுத்து மூச்சு வாங்கியபடி. “இந்தப் பக்கம் பேட்டரி கன்னால மாட்டினது. அது முரடு. ஏர் கன்தான் சரி.”

“அந்தப் பக்கம் ஒரு நட்டைப் பாத்துட்டு வாங்க.”

ஒற்றைச் செருப்போடு போனார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமிருந்து முக்கல் சத்தம் மட்டும் வந்தது. திரும்பி வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னாச்சு?”

“அதுவும் வரல.”

சண்முகவடிவு எழுந்தார். “வாங்க, சேந்து நிப்போம்.”

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஸ்பானர் மேல் ஏறினார்கள். மேஸ்திரி அது நழுவாமல் குனிந்து பிடித்துக்கொண்டார்.

“கல்யாண போட்டோவுக்கு அப்புறம் இம்புட்டுப் பக்கத்துல இன்னிக்குத்தான் நிக்கோம்,” என்றார் சண்முகவடிவு.

நட்டு ஒரு கத்துக் கத்திவிட்டு இளகியது. அப்படியே நான்கையும் இளக்கினார்கள்.

ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, வண்டியை இறக்கினார்கள். இறுக்குவதற்காக மாசானமுத்து ஸ்பானரை எடுத்தார். கால் தானாக மேலே போனது. மேஸ்திரி ஸ்பானரை வாங்கி சண்முகவடிவிடம் கொடுத்தார்.

“நீங்க இறுக்குங்க டீச்சர்.”

“எவ்வளவு இறுக்கணும்னு எனக்கென்ன தெரியும் தம்பி?”

“உங்க கை எவ்வளவுக்குப் போகுதோ அவ்வளவு.”

ஒன்று விட்டு எதிர்ப்பக்கம் ஒன்று என்று மேஸ்திரி காட்டக் காட்ட, அவர் நான்கையும் இறுக்கினார். மேஸ்திரி ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். போதும் என்று தலையசைத்தார்.

சண்முகவடிவு காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“வாத்தியாரே, சாயங்காலம் காரை மேஸ்திரி பட்டறைக்குக் கொண்டாருவேன். மத்த மூணு சக்கரத்தையும் கழட்டித் திரும்ப மாட்டுங்க. இதே ஸ்பானரால நான் கழட்டிப் பாப்பேன். என் கைக்கு வந்தா நாளைக்கு ஷட்டர் ஏறட்டும்.”

கார் போய்விட்டது. மாசானமுத்து வாய்க்காலில் இறங்கிச் செருப்பைத் தேடி எடுத்து வந்தார். அதை உதறிக்கொண்டே கேட்டார்.

“இப்பவாவது சொல்லுங்க மேஸ்திரி. எந்த கன் வாங்க?”

மேஸ்திரி பைக்கை உதைத்தார்.

“எதை வேணாலும் வாங்குங்க சார். நடு ரோட்டுல கழட்டப் போறவங்க கையில ரெண்டும் இருக்காது.”