குழிந்த முகத்துக் காசு

“அம்மா, அந்தக் காசு மறுபடியும் கனவில் வந்தது” என்றார் புன்னைவனம்.

அம்மை, மண்டபத்துப் படியில் நொய்யரிசி தூவிக்கொண்டிருந்தார். சிட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“இந்தத் தடவையாவது விலை கேட்டீங்களா, அண்ணாச்சி?”

“கனவுல யாருகிட்டம்மா விலை கேக்க?”

“அப்போ வெறுங்கையோடதான் முழிச்சீங்க.”

புன்னைவனம் சிரிக்க முயன்றார்.

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் வாழ்ந்த அந்த அம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். புன்னைவனம் அறுபதைத் தொட்டவர். இரும்புக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இனி இந்தக் காலடியே கதி என்று வந்து சேர்ந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்கு ஒன்றை மட்டும் விட முடியவில்லை.

அது, அச்சடிக்கையில் பிழையாகிப்போன நாணயங்களின் மேல் கொண்ட ஆசை.

முத்திரை ஓரமாகச் சரிந்து பிறைபோல் விழுந்த காசு. இரண்டு முறை அடிபட்டு எழுத்தின்மேல் எழுத்து ஏறிய காசு. யாரோ கடித்தாற்போல விளிம்பு குறைந்த காசு. அவற்றையெல்லாம் ஒரு சுருக்குப்பையில் வைத்திருந்தார். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும். பிழையில்லாத காசை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

அவர் ஏங்கியதெல்லாம் ஒரே ஒரு காசுக்காக. அதன் ஒரு பக்கத்தில் ராஜா தலை புடைத்திருக்கும். மறுபக்கத்திலும் அதே ராஜா தலை இருக்கும்; ஆனால் உள்நோக்கிக் குழிந்து, எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். அப்படியொன்றை அவர் படத்தில் பார்த்திருக்கிறார். கையில் தொட்டதில்லை.

“கனவில் என்ன பார்த்தீங்க?” என்று அம்மை கேட்டார்.

“குழிஞ்ச பக்கத்தப் பாத்தேன். ராஜா தலைன்னா பக்கவாட்டுலதான் பாக்கும். இது என்னை நேரா பாக்குதும்மா. நான் நகந்தா கூடவே திரும்புது.”

“யாரு முகம்?”

“தெரியல. ஆனா தெரிஞ்ச முகம்.”

அம்மை கையில் ஒட்டியிருந்த நொய்யைத் தட்டிவிட்டார்.

“உங்க தங்கச்சி எப்போ வாராவ?”

புன்னைவனத்தின் முகம் வாடியது.

“வெள்ளிக்கிழமை, அம்மா.”

ஆவுடை அவருக்கு ஒரே தங்கை. மழைக்காலத்துக் காய்ச்சலில் ஒரே மகனைப் பறிகொடுத்தவள். அன்று முதல் அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. உலை வைத்தாள், வாசல் தெளித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிள்ளையின் பெயரை மட்டும் அவள் வாய் உச்சரிக்கவில்லை. அவள் எதிரில் உச்சரிக்க வேறு யாருக்கும் துணிவில்லை. உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. அவள் அழுதாக வேண்டும், இல்லையேல் மிஞ்ச மாட்டாள் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

அம்மையின் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், தங்கை பிழைத்துக்கொள்வாள் என்று புன்னைவனம் நம்பியிருந்தார்.



அம்மையின் குரல் மிகத் தணிந்தது. அருகில் இருப்பவருக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும்.

ஆகவே, வந்து சேர்ந்த நாள் தொட்டே புன்னைவனம் அம்மைக்கு முன்னால், வாக்குக் கேட்க வந்தவர்களைப் பார்த்தபடி அமர்ந்துகொண்டார். அம்மை ஏதேனும் சொல்வார். புன்னைவனம் தொண்டையைச் செருமுவார். “அம்மை சொல்வது என்னவென்றால்…” என்று தொடங்குவார். அம்மையின் சொல் ஒரு கையளவு என்றால் அவருடையது ஒரு மரக்கால். வந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டுவார்கள்.

அந்த இடத்தில் அமரும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எழுந்திருக்கும்படியும் சொல்லவில்லை.

கனவைச் சொன்ன அன்று காலை ஒரு லாரி ஓட்டுநர் வந்தான். எழும்போது திருநீறு வாங்க இடக்கையை நீட்டினான்.

“ஏலே, அது எந்தக் கை?” என்று அதட்டினார் புன்னைவனம்.

அவன் தன் கையையே வெறித்துப் பார்த்தான்.

“எனக்கே தெரியல, அண்ணாச்சி. அதுவா வந்துட்டு.”

அடுத்து எழுந்த பீடி சுற்றும் பெண்ணும் இடக்கையையே நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவரும் அப்படியே. வரிசை முழுவதும் இடக்கைகள் நீண்டிருந்தன.

புன்னைவனம் தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டார். அது மடியில் அசையாமல் கிடந்தது.

தேநீர்க்கடைக் கொம்பையா அன்று மாலை அவரை மறித்தான்.

“அண்ணாச்சி, மண்டபத்துக்குப் போயிட்டு வாரவன் பூரா ஒங்கள மாதிரியே செருமுதான். நேத்து ஒரு கெழவி செருமுனா பாருங்க, திரும்பாமலே ‘வாங்க அண்ணாச்சி’ன்னுட்டேன். திரும்புனா, கெழவி நிக்கா!”

புன்னைவனத்தின் உள்ளம் ஒரு கணம் குளிர்ந்தது. மனிதன் வழுக்கி விழும் படிக்கட்டு எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

“பழக்கதோசம்தான் கொம்பையா. நல்ல வாக்கு கேட்டா ஒட்டிக்கிடும்.”

“அது சரி. ஆனா இப்போ கடைசியா வந்தவங்க இருக்காங்கள்ல…” கொம்பையா குரலைத் தாழ்த்தினான். “கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் இருக்கு. ஆனா தேஞ்சிட்டு. டீயக் கையில குடுத்துட்டுத் திரும்புனா, யாருக்குக் குடுத்தேன்னு ஞாபகம் வரமாட்டேங்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான்.



“அந்தக் காசு எப்படிப் பிறக்குது, அண்ணாச்சி?” என்று மறுநாள் அம்மை தாமாகவே கேட்டார்.

காசுப் பேச்சை அம்மையே தொடங்கியது அதுவே முதல் முறை. புன்னைவனத்தின் கண்கள் மின்னின.

“மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு. நடுவுல சித்திரம் இல்லாத வெறும் உலோக வில்லை வந்து உக்காரும். ஒரே அடி! ரெண்டு பக்கமும் சித்திரம் விழுந்து, காசு வெளிய போயிரும். அடுத்த வில்லை வரும்.”

“சரி.”

“எப்பவாவது ஒரு காசு போகாது. மேல் அச்சோட ஒட்டிக்கிடும். அது தெரியாம அடுத்த வில்லை வந்துரும். அடி விழும். ஆனா மேல் அச்சு வில்லையில படாது. நடுவுலதான் அந்தக் காசு இருக்கே! அதனால அந்தக் காசோட தலைதான் புது வில்லையில பதியும். குழியா, திருப்பிப் போட்ட மாதிரி.”

“மேல் அச்சுல இருந்த சித்திரம்?”

“அது புதுக் காசுக்குக் கெடைக்கவே கெடைக்காது, அம்மா.”

“அதுக்கு அடுத்தடுத்து வாரதுக்கு?”

“குழி மங்கிக்கிட்டே போகும். கடைசியில யாரு தலைன்னே தெரியாது.”

அம்மை ஆற்றின் பக்கம் திரும்பினார்.

“ஒட்டிக்கிட்ட காசுக்கு, தான் ஒட்டியிருக்கது தெரியுமா?”

புன்னைவனம் வாய்விட்டுச் சிரித்தார்.

“காசுக்கு என்னம்மா தெரியும்? அச்சோட இத்தனை நெருக்கமா யாரும் இருந்ததில்லன்னு பூரிச்சுப்போயிருக்கும்!”

அம்மை சிரிக்கவில்லை.

“அதை எப்படி எடுப்பாங்க?”

“மிஷினை நிப்பாட்டி நெம்பித்தான் எடுக்கணும்.”

“வலிக்குமோ?” என்றார் அம்மை.



வெள்ளிக்கிழமை ஆவுடை வந்தாள்.

காற்று அடித்தால் கூடவே போய்விடுவாள் போலிருந்தாள். எல்லோரும் அமரும் இடத்தில் அமர்ந்தாள். புன்னைவனம் தாம் அமரும் இடத்தில் அமர்ந்தார்.

அம்மை அவளை நெடுநேரம் நோக்கினார். பிறகு தணிந்த குரலில் ஒன்று சொன்னார்.

புன்னைவனத்துக்கு அது கேட்டது. அவர் நெஞ்சு திடுக்கிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மை சொல்வது என்னவென்றால், ஆவுடை… வந்ததெல்லாம் ஒருநாள் போகத்தான் செய்யும். அழுது என்ன ஆகப்போகிறது? மனதைத் தேற்றிக்கொள். எல்லாம் அவன் செயல்.”

ஆவுடை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

பிறகு தொண்டையைச் செருமினாள்.

“வந்ததெல்லாம் ஒருநாள் போகத்தான் செய்யும்” என்றாள். அது அவருடைய குரல். “மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எல்லாம் அவன் செயல்.”

திருநீற்றுக்கு இடக்கையை நீட்டினாள். புன்னகை செய்தாள்.

புன்னைவனம் சிரித்தால் வாய் வலப்பக்கம் கோணும். சிறுவயது முதலே அப்படித்தான். தங்கையின் வாய் இடப்பக்கம் கோணியது. கன்னத்தில், கண்ணுக்கடியில், நெற்றியில், எங்கெங்கு அவர் முகம் மேடோ அங்கெல்லாம் அவள் முகம் பள்ளமாகத் தெரிந்தது. அவர் பதறி ஒதுங்கினார். அந்த முகம் அவரோடு கூடவே திரும்பியது.

கனவில் பார்த்த முகம் தம்முடையதே என்று அப்போது தெரிந்தது.

“அம்மா!” என்று அலறிக்கொண்டு அவர் பின்னால் திரும்பினார். அந்த இடத்தில் அமர்ந்த இத்தனை நாளில் அம்மையை நோக்கி அவர் முழுவதுமாகத் திரும்பியது அன்றுதான். “அம்மா, இவளுக்கு நீங்க சொன்னது…”

“நான் ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி. ஒண்ணு கேட்டேன்.”

புன்னைவனம் தலைகுனிந்தார். அம்மை கேட்டது அவர் காதில் தெளிவாகவே விழுந்திருந்தது.

‘பையன் பேரு என்ன?’

“அவ தாங்க மாட்டான்னு நெனச்சேன், அம்மா.”

“யாரு தாங்க மாட்டா?”

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். அந்தப் பெயரை அவரும் ஈமக்கிரியை முடிந்த நாளிலிருந்து உச்சரித்ததில்லை.

அம்மை வலக்கையைத் தூக்கி, வாசலைக் காட்டினார்.

புன்னைவனம் எழுந்தார். கால்கள் கல்லோடு வேர்விட்டவைபோல் வர மறுத்தன. தூணைப் பற்றிக்கொண்டு தம்மைத் தாமே பிடுங்கி எடுத்தார். தங்கையின் கையைப் பிடித்து, தாம் இருந்த இடத்தில், அம்மையைப் பார்த்தபடி அமர்த்தினார். பிறகு படியிறங்கி, ஆற்றுமணலில் போய் நின்றார்.

அங்கே ஒரு சுண்ணாம்பு வியாபாரி தன் முறைக்குக் காத்திருந்தார்.

மண்டபத்துக்குள் எந்த ஓசையும் இல்லை. சிட்டுகளும் அடங்கிக் கிடந்தன.

திடீரென்று ஒரு குரல் எழுந்தது.

“செண்பகராசு!”

பொழுதடையும் வேளையில் தெருவில் விளையாடும் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரல் அது.

“ஏ செண்பகராசு! எங்கய்யா போன? ஏ ராசா!”

அதன் பிறகு கதறல். மண்டபத்துக் கல்லெல்லாம் அதிரும்படியான கதறல். ஆவுடையின் குரலே அது. அதில் வேறு யாருடைய சாயலும் இல்லை.

புன்னைவனத்தின் நெஞ்சுக்குள் ஆறுதல் சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலேறி வந்தன. ஒரு கால் தானாகவே படியை நோக்கி நகர்ந்தது. அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சுண்ணாம்பு வியாபாரி அருகில் வந்து குனிந்தார்.

“அண்ணாச்சி, உள்ள அம்மை என்ன சொல்லுதாவ?”

“எனக்குக் கேக்கல” என்றார் புன்னைவனம்.