ஹீட்டருக்குக் குளிரவில்லை

கோத்தகிரியில் எலெக்ட்ரிக் கார் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடனுக்கு அறுபது.

சீடன் தேவசகாயம், டீசல் ஜீப்புகளோடு மல்லுக்கட்டியவர். சத்தமே போடாத இந்த வண்டி எப்படித்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் போய்ச்சேரக் கூடாது என்று ஹசீனாவிடம் வந்தார். அவளை டீச்சர் என்றார். முதலில் கிண்டலுக்கு. பிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

தை மாதக் காலை. புல்லெல்லாம் உறைபனி. போஜன் தன் டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இது மூன்றாவது முறை.

"அண்ணா, ஹீட்டர் இன்னும் சரியாகலை. கிளம்பும்போது சூடா வருது. கொஞ்ச தூரம் போனா பச்சைத்தண்ணி மாதிரி ஆயிடுது."

தேவசகாயம் சாவியை வாங்கினார். போஜன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான்.

பியூஸைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். ஹீட்டரையே பிரித்துப் பார்த்து மறுபடி மாட்டினார். இருபத்துநாலு டிகிரி வைத்து ஓடவிட்டார். வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது காற்று. நெடுநேரம் ஓடியும் சூடு குறையவில்லை.

போஜன் திரும்பி வந்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லைடா. உனக்குத்தான் ரத்தம் சுண்டிப்போச்சு. போய் டாக்டரைப் பாரு."

போஜன் சிரிக்கவில்லை.

"டாக்டரைத்தாண்ணா பார்க்கப் போறேன். என் பிள்ளை மாசம் குறைஞ்சு பொறந்தது. இத்தனை நாளும் கோயம்புத்தூர்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. இன்னைக்குத்தான் வீட்டுக்கு விடறாங்க. குளிர் படவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் மலை ஏறியாகணும்."

"வேற வண்டி எடுத்துட்டுப் போயேன்."

"அது பொறக்கப் போகுதுன்னுதான் இந்த வண்டியவே வாங்கினேன்."

தேவசகாயம் உள்ளே போனார். ஹசீனா வேறொரு காரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எல்லாம் பார்த்தாச்சு. புது ஹீட்டர் போட்டுரலாமா?"

"பழைய ஹீட்டர் என்ன தப்பு பண்ணுச்சு?"

"அதான் தெரியலை."

"அப்ப புதுசும் அதையேதான் பண்ணும்."

"பின்ன பழுதை எங்கேதான் தேடறது?"

ஹசீனா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் குல்லா. கழுத்தில் மப்ளர். ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு ஸ்வெட்டர்.

"எல்லாத்தையும் கழட்டுங்கண்ணே."

"என்னது?"

"சட்டை மட்டும் இருக்கட்டும். போய்ப் பின்சீட்டுல உட்காருங்க. போஜன் எப்பவும் ஓட்டற மாதிரி கட்டபெட்டு வரைக்கும் ஓட்டட்டும்."

"மீட்டரை எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரு ஸ்குரூடிரைவர்?"

"வேண்டாம்."

"வேலை கேட்டா ஊர்வலம் விடறாங்க" என்று முனகிக்கொண்டே ஸ்வெட்டர்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் ஏறினார்.

போஜன் பெல்ட் போட்டான். போனை ஸ்டாண்டில் மாட்டிச் சார்ஜ் போட்டான். வண்டி கிளம்பியது. சூடான காற்று வந்தது. இதமாக இருந்தது. தேவசகாயத்துக்குக் கண் சொருகியது.

சில வளைவுகள் தாண்டியதும் விழித்துக்கொண்டார். சூட்டைக் காணோம். குளிர் முழங்காலில் ஏறிக் குடைந்தது. பல் கிட்டியது.

"பார்த்தீங்களாண்ணா?" என்றான் போஜன்.

"பேசாம ஓட்டு."

பட்டறையில் அவர் ஹீட்டரைப் பார்த்தார். இங்கே அவருக்குச் சூடு வேண்டியிருந்தது. அது வேறு.

ஜீப்பில் என்ஜின் கொதிக்கும். மிஞ்சிய சூடு தானாக வந்து காலில் விழும். இங்கே மிச்சம் மீதி கிடையாது. யாராவது கேட்டால்தான் சூடு வரும். கேட்பது யார்? எதை வைத்துக் கேட்கிறார்?

"டேய், எத்தனை டிகிரி வச்சிருக்கே?"

"இருபத்துநாலுண்ணா."

"உள்ளே இப்ப எத்தனைன்னு வண்டிக்கு யார் சொல்றது?"

"எனக்கென்னண்ணா தெரியும்?"

தேவசகாயத்துக்குத் தெரியும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஊசிக்கண் மாதிரி சில துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை இழுத்துப் பார்க்கும் ஒரு சென்சார். எட்டிப் பார்த்தார். துளைகளைக் காணோம். அந்த இடத்தில் போன் இருந்தது.

"போனை எடு."

"டிரிப்புக்குக் கூப்பிடுவாங்கண்ணா."

"எடுடான்னா!"

வண்டி ஓரங்கட்டியது. தேவசகாயம் போனைக் கையில் வாங்கினார். கல்லிலிருந்து எடுத்த அடை மாதிரி சுட்டது. அதன் முதுகுக்கு நேர் பின்னால் அந்தத் துளைகள்.

இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. போஜன் நகத்தைக் கடித்தான். பிறகு மெல்ல, காலடியில், சூடு வந்தது. வந்தது நிற்கவில்லை.

"ஹீட்டருக்கு ஒரு நோவும் இல்லைடா. போன் சூடு பட்டதால அதுக்குக் குளிரலை. அவ்வளவுதான்."

"பட்டறையில மட்டும் எப்படிண்ணா ஒழுங்கா வந்துச்சு?"

"அங்கே போனை நீ டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டியே."

ஸ்டாண்டைப் பிடுங்கித் துளைகளை விட்டுத் தள்ளி ஒட்டினார்கள். திரும்பும் வழி நெடுகச் சூடு இருந்தது. அவரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்ட போஜன், நன்றி சொல்லக்கூட நிற்காமல் கோயம்புத்தூருக்குப் பறந்தான்.

தேவசகாயம் நேராக ஹசீனாவிடம் போனார்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. போன்தான் காரணம்னு உங்களுக்குக் காலையிலேயே தெரியும்."

"தெரியாதுண்ணே."

"சும்மா சொல்லாதீங்க."

"தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. பச்சப்பிள்ளை விஷயம்."

"பின்ன எதை நம்பி ஒரு மீட்டர்கூட இல்லாம என்னை ஏத்தி அனுப்பினீங்க?"

ஹசீனா ஸ்வெட்டரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குக் குளிரும்னு நம்பித்தான்."