ஆவுடையப்பன் சொன்ன விலை

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில், பசித்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்திவந்த தவமணியம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் வந்து உட்காரும் சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். அறுபதைத் தாண்டியவர். ஒரு வேனை வைத்துக்கொண்டு, அருவிக்கு வருகிறவர்களையும் கல்யாண வீட்டுக்காரர்களையும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்.

சர்க்கரை வியாதி அவருடைய கண்ணைக் கெடுத்துவிட்டது. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேனை விற்றுவிட்டுத் திருப்பூரில் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று அவரும் மனைவி செண்பகமும் முடிவு செய்தார்கள். மகளுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வேன் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஆவுடையப்பன் சொன்ன விலை நாலு லட்சம். பார்க்க வந்தவர்கள் டயரை மிதித்துப் பார்த்தார்கள், குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒன்றரை என்றார்கள். ரொம்ப மனசு வைத்தவர்கள் ஒன்றே முக்கால் என்றார்கள். கடைசியாக வந்த தரகர், "இந்த விலைக்கு இதுல பாதி வயசு வண்டியே கிடைக்கும்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கோபத்தோடுதான் மடத்துக்கு வந்தார். செண்பகமும் கூட வந்திருந்தாள். தவமணியம்மா அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பொருளோட மதிப்பு ஏன் சனங்களுக்குத் தெரிய மாட்டேங்கு?"

"எந்தப் பொருள் அண்ணாச்சி?"

"என் வண்டிதான்."

"என்ன விலை சொல்லுதீங்க?"

"நாலு."

தவமணியம்மா இன்னொரு கொத்தை எடுத்து உருவினார். "சந்தையில இருந்து காய்கறி ஏத்தியார மடத்துக்கு ஒரு வண்டி வேணும். நானே எடுத்துக்கிடுதேன். நாலுக்கே."

செண்பகம் பதறிப்போனாள். "வேண்டாம்மா! அது ரெண்டுகூடப் பெறாது. அடியெல்லாம் துரு. மழை பெய்ஞ்சா உள்ள குடை பிடிக்கணும்."

"நீ சும்மா இரு" என்றார் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி சொன்ன விலை சொன்னதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை சாவியைக் கொண்டாங்க."

வீட்டுக்குப் போனதுமே செண்பகம் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். மகளுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

ஆவுடையப்பன் வேனைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். துடைத்து முடித்ததும் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடிக்கு வெளியே தெரு வெறும் வெள்ளையும் நிழலுமாகத்தான் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. "என்ன வேன்காரரே, சவாரியா?" என்று யாராவது கேட்டுக்கொண்டு போவார்கள். "இல்லப்பா, சும்மாதான்" என்பார். அப்படிக் கேட்கிற ஆள் திருப்பூரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒரு தடவை தோன்றியது. இறங்கி, கழுவின இடத்தையே மறுபடி துடைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தவமணியம்மா பணம் வைத்த ஒரு துணிப்பையை அவர் முன்னால் வைத்தார். ஆவுடையப்பன் அதைத் தொடவில்லை. சாவி வேட்டி மடியில் இருந்தது.

"அம்மா, யோசிச்சுப் பார்த்தேன். நாலு கட்டாது. போன மாசம்தான் பேட்டரி மாத்துனேன். அஞ்சு லட்சமாவது வேணும்."

செண்பகம் அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, அஞ்சு தாரேன்" என்றார் தவமணியம்மா.

இதை ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. கை மடியிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அஞ்சுக்கும் இல்லம்மா."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்போ எவ்வளவு?"

ஆவுடையப்பன் சாவியை மடிக்குள் இன்னும் ஆழமாகச் செருகினார்.

செண்பகம் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "நேத்து போன்ல பேரன் கேக்கான், யாரு பேசுததுன்னு. ஆச்சின்னு சொன்னா, எந்த ஆச்சிங்கான்."

உள்ளே கஞ்சி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, கண்ணு நல்லா இருந்திருந்தா இந்த வண்டிக்கு என்ன விலை சொல்லியிருப்பீங்க?"

"கண்ணு நல்லா இருந்தா நான் எதுக்கும்மா விக்கப்போறேன்?"

வெடுக்கென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. பிறகு மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்துப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நிசமாவே அஞ்சு குடுத்திருப்பீங்களாம்மா?"

"குடுத்திருப்பேன். கொஞ்ச நாளைக்கு இங்க கஞ்சி ஊத்தியிருக்க முடியாது."

ஆவுடையப்பன் பையை மெல்லத் தவமணியம்மா பக்கமாகத் தள்ளினார்.

"அப்போ நான் என்ன விலைதான் சொல்லட்டும்?"

"வண்டிக்கு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் தவமணியம்மா.