உள்ளே வந்தவரைப் பூட்டிய கடை

திண்டுக்கல்லில் பூட்டுக்கடை நடத்தி வந்த அய்யாவு, முத்திருளு, கட்டையன் மூவரும் கூடப்பிறந்தவர்கள். ஒருவனுக்கு இல்லாத மூளை மற்ற இருவருக்கும் இல்லை. அப்பேர்ப்பட்ட ஒற்றுமை!

கடைக்கு ஓர் இணையதளமும் இருந்தது. ஆனால் 'பூட்டு' என்று தேடினால் பத்தாம் பக்கத்தில், எவனும் எட்டிப் பார்க்காத மூலையில் கிடந்தது.

கடைச் சொந்தக்காரரான பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "ஆயுத பூஜைக்குள்ள முதல் இடத்துக்கு வரலேன்னா இங்க மாவு மில்லு வச்சிருவேன். மூணு பேரும் மிளகாய் அரைக்கணும்."

மிளகாய் என்றதுமே அய்யாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. தளம் வடிவமைக்கிற பிரிசில்லாவுக்கு அலறியடித்துப் போன் போட்டான்.

"அண்ணே, உள்ள வர்றவங்க ஒண்ணும் புரியாம உடனே வெளிய போயிடுறாங்க. அவங்களைத் தங்க வைங்க, தளம் தானா மேல வரும்" என்றாள் அவள்.

உடனே ஆலோசனை கூடியது.

"தங்க வைக்கப் பாய், தலகாணி வேணுமே?" என்றான் கட்டையன்.

"அட மடையா, நாம என்ன யாவாரம் பண்றோம்? பூட்டிருவோம்டா!" என்றான் அய்யாவு.

"அண்ணே, இந்த மூளையை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று முத்திருளு உருகினான். அரைகுறையாகக் கம்ப்யூட்டர் படித்தவன் அவன்தான். தளத்தைத் திறந்தால் திரை முழுக்க ஒரு மாங்காய்ப் பூட்டு வந்து நிற்கும்படி செய்துவிட்டான். அப்புறம் மூடவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது.

மறுநாள் ஒரு வாத்தியார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "விலை பாக்கத்தான்யா உள்ள போனேன். அவுத்து விடுங்கய்யா!"

"இருங்க சார், அப்படி என்ன அவசரம்? காப்பி சொல்லவா?" என்றான் முத்திருளு.

அடுத்த வாரம் பிரிசில்லா அழாத குறையாகக் கூப்பிட்டாள். "அண்ணே, இருந்த பத்தாம் பக்கமும் போச்சே!"

ஆயுத பூஜையும் வந்தது. மில்லை ஏற்றிய லாரி கிளம்பிவிட்டதாகப் பெரியப்பா சொல்லி வாய் மூடவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த முத்திருளு துள்ளிக் குதித்தான். மாட்டிக்கொண்ட ஊர்சனம் மொத்தமும் 'பூட்டுக்கடைத் தளத்திலிருந்து வெளியே வருவது எப்படி' என்று தேடியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு முதல் இடம் இவர்களுக்குத்தான்!

பெரியப்பாவும் அதே ரத்தம்தானே, பூரித்துப் போனார். லாரியைத் திருப்பி அனுப்பப் போனை எடுத்தவர், அந்த முதல் இடத்தை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிடலாமென்று தளத்தைத் தொட்டார். திரை முழுக்க மாங்காய்ப் பூட்டு வந்து நின்றது; போனில் யாரையும் கூப்பிட முடியவில்லை.

"டேய், சாவி எங்கடா?"

"தொலைஞ்சிரக் கூடாதுன்னு அந்தத் தளத்துக்குள்ளயேதான் வச்சுப் பூட்டியிருக்கோம், பெரியப்பா" என்றான் முத்திருளு.

வாசலில் மில் இறங்கியது. மிளகாய் இன்னும் வரவே இல்லை, அய்யாவு தும்ம ஆரம்பித்துவிட்டான்.