சடையம்மாள் போட்ட தட்டைப்பயறு

மலையடிக் காட்டில் ஓர் ஓடைக்கரையில் சடையம்மாள் என்ற கரடி சோளம் பயிரிட்டு வந்தது. சோளம் விதைக்கும், அறுக்கும், மறுபடியும் சோளமே விதைக்கும். அடைமழைக் காலத்தில் தானும் இரண்டு குட்டிகளும் குகைக்குள் உட்கார்ந்து தின்ன அது போதுமாக இருந்தது.

ஆனால் வரவர நிலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. தாள் மஞ்சளடித்தது, கதிர் சிறுத்தது. போன மழைக்காலம் முடியும் முன்பே சோளம் தீர்ந்துவிட்டது. சின்னக்குட்டி பசியில் தன் பாதத்தையே நக்கிக்கொண்டு தூங்கியதைப் பார்த்ததிலிருந்து சடையம்மாளுக்கு மனசு ஆறவேயில்லை.

விதைக்கும் நேரம் வந்தது. இந்த ஒரு போகம் சோளத்தை நிறுத்திவிட்டுத் தட்டைப்பயறு போட்டால் மண் தேறுமோ என்று அதற்கு ஒரு யோசனை. தேறாவிட்டால்? சோளமும் போய், பயறும் போய், குட்டிகளுக்கு எதைக் கொடுப்பது? அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கக் கிளம்பியது.

பச்சைமணி என்ற கிளி, சோளத்தை விடவே கூடாது என்றது. பயறு தின்றால் வயிறு ஊதும், அப்புறம் ஒரே குகையில் மூன்று பேர் படுக்க முடியாது என்று பயமுறுத்தியது. செவியன் என்ற முயலோ நிலம் முழுக்கப் பயறே போடச் சொன்னது. மண் தங்கமாகிவிடும் என்று காதை ஆட்டி ஆட்டிச் சொன்னது. கொம்பையன் என்ற காட்டுப்பன்றி இரண்டும் வேண்டாம், கிழங்கு போடு என்றது. கூலியில்லாமல் தானே வந்து கிளறித் தருவதாகவும் சொன்னது.

வந்த குழப்பத்தோடு இன்னும் மூன்று குழப்பம் சேர்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் சடையம்மாள் நிலத்துக்குப் போனபோது, அங்கே ஒரே சத்தம். புதருக்குப் பின்னால் நின்று கேட்டது. கிளி தன் கூட்டத்துக்கு, எந்தப் பக்கத்துக் கதிரில் யார் இறங்குவது என்று இடம் பிரித்துக்கொண்டிருந்தது. முயல், கொழுந்து எல்லாம் தனக்கு என்றது. பன்றி, கிழங்கில் ஒரு துண்டுகூட யாருக்கும் கிடையாது என்று உறுமியது. விதையே விழாத நிலத்தில் விளைச்சலுக்குச் சண்டை!

சடையம்மாள் வெளியே வந்து நின்றது.

"எல்லாரும் உங்க உங்க வயித்தைக் கேட்டு எனக்கு யோசனை சொல்லியிருக்கீங்க. என் குட்டிங்க வயித்தை ஒருத்தரும் கேக்கலையே" என்றது.

கிளி பறந்துவிட்டது. பன்றி ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தது போல நழுவியது. முயல் மட்டும் ஓடப் பார்த்து, ஓடாமல் நின்றது.

"அக்கா, கொழுந்துக்கு ஆசைப்பட்டுத்தான் சொன்னேன். ஆனா சொன்னது பொய்யில்லை. வேலியோரம் காட்டுப்பயறு படர்ந்திருக்கே, அங்க மண்ணைக் கிளறிப் பாருங்க."

சடையம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் போய்க் கிளறிப் பார்த்தது. மண் பொலபொலவென்று கையோடு வந்தது. பயற்றங்கொடியின் வேரில் கடுகு கடுகாக முண்டுகள். பிறகு சோளம் நின்ற நடுநிலத்தில் கிளறியது. நகம்தான் வலித்தது.

நெடுநேரம் யோசித்தது. முயல் சுயநலக்காரன்தான், ஆனால் அதற்காக மண் பொய் சொல்லுமா? அப்படியே நம்பி முழு நிலத்தையும் பயறுக்குக் கொடுக்கவும் துணிச்சலில்லை. கடைசியில் பாதி நிலத்தில் பயறும் பாதி நிலத்தில் சோளமும் விதைத்தது. களையெடுத்துக் கொடுத்தால் ஓரத்துக் கொழுந்து உனக்கு என்று முயலிடம் பேசி முடித்தது.

அந்த மழைக்காலம் பெரிய கொண்டாட்டமாக ஒன்றும் இல்லை. சோளம் கொஞ்சம்தான் வந்தது. பயற்றைப் பார்த்துக் குட்டிகள் முகம் சுளித்தன. பிறகு கடைசிப் பிடிக்கு அடித்துக்கொண்டன. கிளி சொன்னதிலும் உண்மை இருந்தது. பெரியகுட்டியைச் சில நாள் குகை வாசலில் படுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் யாரும் பாதத்தை நக்கவில்லை.

அடுத்த போகத்தில் சடையம்மாள் இடத்தை மாற்றியது. பயறு இருந்த பாதியில் சோளம், சோளம் இருந்த பாதியில் பயறு. சோளத்தாள் கரும்பச்சையாகக் கிளம்பி, கரடி இரண்டு காலில் நின்று எட்டினாலும் நுனி எட்டாத உயரத்துக்குப் போனது. கதிர் ஒவ்வொன்றும் தலை கனத்துத் தொங்கியது.

பச்சைமணி கூட்டத்தோடு வந்து இறங்கியது. "பாத்தியா சடையம்மா, சோளம்தான் போடணும்னு நான் அப்பவே சொன்னேனே" என்றது.

"சொன்னே. ஆனா எதுக்கு அப்புறம் போடணும்னு சொல்லலையே" என்ற சடையம்மாள், இரண்டு குட்டிகளையும் கிளிகள் மேல் ஏவிவிட்டது.

யோசனை சொல்பவரின் ஆசையை உமியாகப் புடைத்துத் தள்ளி, அதிலுள்ள உண்மையைத் தானே சோதித்து, தோற்றாலும் தாங்குகிற அளவில் தொடங்குபவரை நிலமும் ஏமாற்றாது, ஊராலும் ஏமாற்ற முடியாது.